பாலைவனத்தில் ஒற்றை ஆள்: ஓர் ஒளிப்படத்தை வாசிப்பது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மணல், வானம், நடுவே ஒரு மனிதர். ஒளிப்பட வகுப்பிலும் போட்டிகளிலும் கண்காட்சிச் சுவர்களிலும் திரும்பத் திரும்ப வரும் படம் இது. பார்த்தவுடன் பலரும் சொல்லும் சொல்லும் ஒன்றேதான்: தனிமை. அந்தச் சொல்லைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுப் படத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். "சோகமாக நிற்கிறார்" என்று எழுதினால் அடித்துவிடுங்கள். "முதுகைக் காட்டி நிற்கிறார், தலை சற்றே குனிந்திருக்கிறது, வலது கால் முன்னால் இருக்கிறது" என்று எழுதுங்கள். முன்னதில் இருப்பது உங்கள் மனம். பின்னதுதான் படம்.

ஆளை விட்டுவிட்டு ஓரங்களிலிருந்து தொடங்குவது நல்லது. நான்கு மூலைகள், நான்கு விளிம்புகள், பிறகு தரை, வானம், கடைசியில் ஆள். கண் தானாகவே ஆளிடம் ஓடிவிடும் என்பதால்தான் இந்தத் தலைகீழ் வரிசை. விளிம்பில் பாதி வெட்டுப்பட்ட டயர் தடம், மூலையில் ஒரு கம்பி, தூரத்தில் ஒரு புள்ளி போன்றவைதான் பிறகு முழு விளக்கத்தையும் மாற்றிவிடும். டிஜிட்டல் படமானால் நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கி, இடமிருந்து வலமாக ஒருமுறை முழுவதும் நகர்த்திப் பாருங்கள்.

பழகிப் பார்க்க நல்ல படம் ஏதாவது சொல்ல முடியுமா?

டிமத்தி ஓசல்லிவன் 1867இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், கார்சன் பாலைவனத்து மணல்மேடுகளில் எடுத்த படம். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் படமெடுத்துப் பெயர்பெற்றவர் அவர். போர் முடிந்தபின் கிளாரன்ஸ் கிங் தலைமையிலான அரசாங்க நிலவியல் ஆய்வுக் குழுவில் படமெடுப்பவராகச் சேர்ந்தார். நாற்பதாவது வடக்கு அட்சக்கோட்டை ஒட்டிய நிலத்தை அளப்பது அந்தக் குழுவின் வேலை. கிங்குக்கு அப்போது வயது 25.

படத்தில் வெளிறிய மணல்மேடுகள். அவற்றின் நடுவே கோவேறு கழுதைகள் பூட்டிய ஒரு வண்டி. ராணுவ ஆம்புலன்ஸ் வண்டியை இருட்டறையாக மாற்றியிருக்கிறார்கள். சக்கரத் தடத்தைப் பின்தொடருங்கள். வண்டி வலப்பக்கமிருந்து சட்டகத்துக்குள் வந்து, நடுவில் அரைவட்டமடித்து, வந்த பக்கமே முகம் திருப்பி நிற்கிறது. வண்டியிலிருந்து கேமராவை நோக்கிக் காலடித் தடங்கள் வருகின்றன. இந்தப் படத்தின் முக்கிய மனிதர் சட்டகத்துக்குள் இல்லை. லென்ஸுக்குப் பின்னால் நிற்கும் ஓசல்லிவன்தான் அவர்.

முதல் பார்வையில் இது முன்னேறிச் செல்லும் ஒரு பயணியின் படம். அன்றைய தொழில்நுட்பம் தெரிந்தால் வாசிப்பு மாறும். அவர் பயன்படுத்தியது ஈரக் கொலோடியன் முறை (கொலோடியன் என்பது பிசுபிசுப்பான ஒரு ரசாயனக் கரைசல்). கண்ணாடித் தகட்டில் கொலோடியனை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் சில நிமிடம் அமிழ்த்தி, ஈரம் காயுமுன் கேமராவில் வைத்து எடுத்து, ஈரம் காயுமுன்பே இருட்டறைக்குக் கொண்டுபோய்க் கழுவ வேண்டும். கையில் இருப்பது ஏறத்தாழ பத்து நிமிடம். வறண்ட வெப்பக் காற்றில் அதுவும் குறையும். காய்ந்துவிட்டால் தகடு வீண்.

ஆகவே அந்தக் காலடித் தடம் ஒரு வேலைத்தடம். ஈரத் தகட்டை ஏந்திக்கொண்டு இருட்டறைக்கும் கேமராவுக்கும் இடையே ஒரு தொழிலாளி நடந்த வழி. வண்டி அவ்வளவு அருகில் நிற்பதற்கும் காரணம் இதுதான். "எல்லையற்ற வெளியில் சிறு வண்டி" என்ற உணர்வு பொய்யல்ல, ஆனால் அந்த இடைவெளியை அளந்து கொடுத்தது ஒரு ரசாயனக் கரைசல் காயும் நேரம்.

ஆள் ஏன் இவ்வளவு சிறியவராகத் தெரிகிறார்? மனிதனின் அற்பத்தைச் சொல்லவா?

அப்படியும் இருக்கலாம். முதலில் கணக்கைப் பார்த்துவிடுங்கள். ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதைத் தோராயமாகக் கண்டுபிடிக்கலாம். லென்ஸின் குவியத்தூரத்தை (லென்ஸின் மேல் மி.மீ.யில் குறித்திருக்கும் எண்) ஆளின் உயரத்தால் பெருக்கி, சென்சாரில் (கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் தகடு) விழுந்த உருவத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எடுத்துக்காட்டாக, முழுச்சட்டகக் கேமராவில் எடுத்த 6000 × 4000 பிக்சல் படம், வெட்டப்படாதது. ஆள் 100 பிக்சல் உயரம். சென்சாரின் உயரம் 24 மி.மீ. என்பதால், உருவத்தின் உயரம் அதில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 0.6 மி.மீ. ஆளின் உயரம் 1.65 மீட்டர் என்று வையுங்கள். 50 மி.மீ. லென்ஸ் என்றால் அவர் சுமார் 137 மீட்டர் தள்ளி நிற்கிறார். 24 மி.மீ. என்றால் 66 மீட்டர்தான். 200 மி.மீ. என்றால் 550 மீட்டர்.

மூன்று படங்களிலும் ஆள் ஒரே அளவு. ஆனால் 66 மீட்டர் என்பது உரக்கக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் தூரம். அரை கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவருக்குத் தன்னைப் படமெடுப்பதே தெரியாமல் இருக்கலாம். முன்னது பெரும்பாலும் இருவரும் பேசி எடுத்த படம், பின்னது தொலைவிலிருந்து பிடித்த படம். உறவே வேறு.

எந்த லென்ஸ் என்று தெரியாவிட்டால் பின்னணியைப் பாருங்கள். மணல்மேடுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாற்போல ஆளின் முதுகோடு ஒட்டி நின்றால், கேமரா வெகு தொலைவில் இருந்திருக்கிறது. முன்னால் உள்ள மணல்வரிகள் பெரிதாகவும் தூரத்து மேடுகள் கோடு போலவும் இருந்தால், அகலக்கோண லென்ஸில் அருகிலிருந்து எடுத்தது. இன்றைய ஃபோன்களின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ.க்கு இணை. ஃபோனில் எடுத்த படத்தில் ஆள் குட்டியாகத் தெரிவதற்கு அவர் நூறு மீட்டர்கூடப் போகத் தேவையில்லை.

இன்னொன்று. நில ஆய்வுப் படங்களில் மனிதர் பல நேரம் வெறும் அளவுகோல். ஓசல்லிவன் 1873இல் அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கான்யன் டி ஷே பள்ளத்தாக்கில் எடுத்த பழங்கால இடிபாடுகளின் படத்தில், பிரம்மாண்டமான பாறைச் சுவருக்கு முன் மனிதர்கள் எறும்பளவு தெரிகிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் பாறை பத்து மீட்டரா நூறு மீட்டரா என்றே தெரியாது.

கேமரா எந்த உயரத்தில் இருந்தது என்பதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு, எளிய வழி. சமதளத்தில் உண்மையான அடிவானம் எப்போதும் கேமராவின் உயரத்திலேயே விழும். அடிவானக் கோடு ஆளின் கண்களை வெட்டினால் கேமரா அவருடைய கண் உயரத்தில் இருந்தது. இடுப்பை வெட்டினால் எடுத்தவர் மண்டியிட்டிருக்கிறார். ஆள் முழுக்க அடிவானத்துக்குக் கீழே அடங்கிவிட்டால் மேட்டிலிருந்தோ ட்ரோனிலிருந்தோ எடுத்தது.

கீழிருந்து எடுத்தால் ஆள் வானத்தில் எழுந்து நிற்பார், வீரர் போல. மேலிருந்து எடுத்தால் மணலே அவரை விழுங்கிவிடும். "கம்பீரம்", "ஆதரவின்மை" போன்ற சொற்களை எழுதுமுன் இதைச் சரிபாருங்கள். அவற்றில் பாதி கேமராவின் உயரம் செய்த வேலை.

ஒரு பொறி மட்டும் உண்டு. மணல்மேட்டின் முகடு அடிவானமல்ல. முகடு ஆளின் தலைக்கு மேலே போகிறது என்பதால் கேமரா உயரத்தில் இருந்தது என்று முடிவுகட்டக் கூடாது. இந்த விதி தட்டையான நிலம், உப்புப் பரப்பு, சரளைச் சமவெளி ஆகியவற்றுக்குத்தான் பொருந்தும்.

நிழலை வைத்து நேரம் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். நிழலும் உயரமும் சமமாக இருந்தால் சூரியன் 45 பாகையில். நிழல் உயரத்தைப் போல் 1.7 மடங்கு என்றால் 30 பாகை. ஏறக்குறைய ஆறு மடங்கு என்றால் 10 பாகை, அதாவது சூரியன் அடிவானத்தைத் தொட முக்கால் மணி நேரம் முன்பின். 5 பாகையில் நிழல் பதினொரு மடங்கைத் தாண்டும். எப்போதும் பக்கவாட்டில் விழும் நிழலை அளங்கள். கேமராவை நோக்கி வரும் நிழல் சுருங்கித் தெரியும், அளவு தவறும். சரிவில் விழுந்தாலும் அப்படித்தான். சூரியனுக்கு எதிர்ப்பக்கம் இறங்கும் சரிவில் நிழல் நீளும், சூரியனை நோக்கி எழும் சரிவில் குறுகும்.

உச்சிவெயில் நிழல் இடத்தையும் காட்டிக்கொடுக்கும். கார்சன் பாலைவனம் ஏறத்தாழ 39, 40 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே ஜூன் மாத நண்பகலிலும் சூரியன் 74 பாகைக்கு மேல் ஏறாது. ஆகவே ஆளின் உயரத்தில் கால்பங்குக்குச் சற்று மேலான நிழல் எப்போதும் வடக்கே விழுந்தே தீரும். காலடியில் முழுக்க மறைந்த நிழல் உள்ள படத்துக்கு "நெவாடா" என்று யாராவது குறிப்பு எழுதியிருந்தால், குறிப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். நிழல் காலடியில் அடங்குவது கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் மட்டும்தான், அதுவும் ஆண்டுக்கு இருமுறை.

பிற்பகலா காலையா என்பதை நிழலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. திசை தெரிந்தால்தான் முடியும்.

மணலைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறைய. இந்த வகைப் படத்தில் மிகக் குறைவாக வாசிக்கப்படுவது மணல்தான் என்பது வருத்தம்.

தனித்தனிப் பிறை வடிவ மேடுகள் இருந்தால் அவற்றின் கொம்புகள் காற்று போகும் திசையைக் காட்டும். காற்று வரும் பக்கம் மென்சரிவு. மறுபக்கம் மணல் சரிந்து விழும் முகம், அதன் சரிவு 32 முதல் 34 பாகை வரை. மேட்டின் மேல் உள்ள சிறு அலைவரிகள் காற்றுக்குக் குறுக்காக ஓடும். ஆளின் துணி பறக்கும் திசையும் அலைவரி சொல்லும் திசையும் ஒத்துப்போகாவிட்டால், காற்று சற்றுமுன் மாறியிருக்கிறது, அல்லது துணியை யாரோ வீசிப் பறக்கவிட்டிருக்கிறார்கள். விளம்பரப் படங்களில் இரண்டாவது மிகச் சாதாரணம்.

காலடித் தடத்தின் விளிம்பு கூர்மையாக இருந்தால் புதியது. மங்கி, உள்ளே அலைவரி படிந்திருந்தால் பழையது. உலர்மணல் மணிக்கு 20 கி.மீ. அளவுக் காற்றிலேயே நகரத் தொடங்கும். ஆகவே தெளிவான தடங்கள் இருக்கும் படம், காற்றடங்கிய நேரத்தில், நடந்து கொஞ்ச நேரத்துக்குள் எடுக்கப்பட்டது. சரியும் முகத்தில் யாராவது ஏறினால் தடம் நிலைக்காது, நாக்கு போல மணல் வழிந்த அடையாளம்தான் மிஞ்சும்.

எத்தனை தடங்கள் என்று எண்ணுங்கள். "ஒற்றைப் பயணி" படத்தில் போகும் தடம், திரும்பி வந்த தடம், மறுபடி போன தடம் என்று மூன்று வரிசை இருந்தால், அவரை நடக்கச்சொல்லி மூன்றுமுறை எடுத்திருக்கிறார்கள்.

தடமே இல்லையே, அப்படியானால் போலியா?

அவசரப்பட வேண்டாம். அவர் மேட்டின் மறுபக்கமாக ஏறி வந்திருக்கலாம். சரளையோ இறுகிய களிமண்ணோ ஆனால் தடம் பதியாது. சகாராவிலேயே மணல்மேடுகள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான், மற்றது பெரும்பாலும் கல்லும் சரளையும். காற்று அழித்திருக்கலாம். கடைசியாக, எடுத்தவரே கணினியில் அழித்திருக்கலாம். போட்டிப் படமென்றால் மூலக்கோப்பைக் கேட்பதுதான் ஒரே நேர்மையான வழி.

முகம் தெரியாத கறுப்பு உருவமாக இருக்கிறாரே, அதற்கு மர்மம் என்று பொருள் கொள்ளலாமா?

சூரியன் ஆளுக்குப் பின்னால் இருந்தது, பளிச்சென்ற மணலுக்கோ வானத்துக்கோ ஏற்ப எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவு) வைத்தார்கள், ஆள் கறுத்துவிட்டார். அதுதான் முதல் விளக்கம். எடுத்தவர் விரும்பியிருந்தால் ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இருமடங்காக்குவது) கூட்டி முகத்தைக் கொண்டுவந்திருக்கலாம், அல்லது மறுபக்கம் போய் நின்றிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை என்பதால் இது ஒரு தேர்வு. நிழலுருவின் விளைவு மர்மத்தைவிடப் பொதுமை என்பதே சரி. முகம் போனதும் அவர் ஒரு குறிப்பிட்ட மனிதராக இல்லாமல் "மனிதர்" ஆகிவிடுகிறார். பார்ப்பவர் அந்த இடத்தில் தன்னை வைத்துக்கொள்ள எளிதாகிறது.

படத்தில் இருப்பவர் அந்த ஊர்க்காரராக இருந்து, முகமும் பெயரும் இல்லாமல் போகும்போது, இது கவனிக்க வேண்டிய விஷயம். அவர் ஒட்டகம் ஓட்டிப் பிழைப்பவராக இருக்கலாம். படமோ அவரை அலங்காரமாக்கிவிடுகிறது.

பழைய படங்களில் வானம் வெறும் வெள்ளையாக இருப்பது வெறுமையைக் காட்டவா?

இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கொலோடியன் தகடு நீலத்துக்கு மிகுந்த உணர்வு கொண்டது, சிவப்புக்கு ஏறக்குறையக் குருடு. நிலத்துக்குச் சரியான எக்ஸ்போஷர் கொடுத்தால் நீலவானம் வெளுத்துவிடும், மேகமிருந்தாலும் பெரும்பாலும் தெரியாது. அந்தக் காலப் படங்களின் வெற்று வானத்தில் தத்துவம் தேடாதீர்கள். எக்ஸ்போஷர் சில விநாடிகள் நீண்டதால், ஓடும் வண்டி கலங்கிப் பதிவாகியிருக்கும். கார்சன் படத்து வண்டி நின்றுகொண்டிருக்கிறது. பழுப்பு மஞ்சள் நிறம் அல்புமின் தாள் (முட்டை வெண்கரு பூசிய அன்றைய படத்தாள்) காலப்போக்கில் ஏற்றுக்கொண்டது, மாலைவெயில் அல்ல.

உடையை வைத்து யார் என்று சொல்லலாமா?

மிகக் கவனமாக. நீலத் தலைத்துணியால் முகம் மூடியவரைக் கண்டால் சகாராவின் துவாரெக் மக்கள் நினைவுக்கு வருவது சரி. அவர்களில் முகத்தை மூடுவது ஆண்களின் வழக்கம், பெண்களுடையது அல்ல. ஆகவே "முக்காடிட்ட பெண்" என்று எழுதினால் இரட்டைத் தவறு ஆகலாம். அதே துணியைச் சுற்றுலாப் பயணிகளும் கட்டிக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

கறுப்பு உடை துக்கத்தின் குறியீடு என்று எழுதுவதும் அடிக்கடி வரும் பிழை. அரபுப் பாலைவன நாடோடிகளான பெதூயின் மக்களின் தளர்ந்த கறுப்பு அங்கிகளை வைத்து நடந்த ஆய்வு 1980இல் நேச்சர் இதழில் வந்தது. கறுப்புத் துணி கூடுதல் வெப்பத்தை வாங்கினாலும், துணிக்கும் உடலுக்கும் நடுவே ஓடும் காற்று அதை வெளியேற்றிவிடுவதால், உடலுக்குச் சேரும் வெப்பம் வெள்ளை அங்கியிலும் கறுப்பிலும் ஒன்றுதான் என்று கண்டார்கள்.

இது எந்தப் பாலைவனம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மணலின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மாலைவெயிலும் கணினியும் எந்த மணலையும் சிவப்பாக்கும். செடியைப் பாருங்கள். ராஜஸ்தானின் தாரில் கேஜ்ரி மரம் நிற்கும். அது வேறெதுவுமல்ல, நம் வன்னி மரமேதான். செம்மணல் மேட்டுக்குப் பின்னால் பனைமரத் தலைகள் வரிசையாகத் தெரிந்தால், குறிப்பு எதைச் சொன்னாலும், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரிக்காடா என்று ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. தேரி மணல் இயல்பாகவே சிவப்பு. மணலைப் பூசியிருக்கும் இரும்பு ஆக்சைடு அந்த நிறத்தைத் தருகிறது.

தமிழ் வாசகர் இதைப் பாலைத்திணையாக வாசிக்கலாமா?

வாசிக்கலாம், ஆனால் எதை எதன்மேல் ஏற்றுகிறோம் என்று தெரிந்து வாசிக்க வேண்டும். வெயில் காயும் வழியில் ஒருவர் தனியே போவதைக் கண்டதும் நமக்குப் "பிரிவு" என்று தோன்றுவதற்குப் பின்னால் ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. பாலையின் உரிப்பொருள் பிரிதல், பொழுது வேனிலும் நண்பகலும்.

ஆனால் நம் பாலை மணற்காடு அல்ல. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்கிறது சிலப்பதிகாரம். அது மழை பொய்த்த நிலம், வாடிய காடு, கள்வர் நடமாடும் வழி. மழை வந்தால் திரும்பவும் பசுமையாகும். பாலை ஒரு பருவம், ஒரு நிலை. சகாராவும் கார்சனும் அப்படியல்ல.

இந்த வேறுபாடு பயனுள்ள ஒரு கேள்வியைத் தருகிறது. பாலைப் பாடல்களில் வழியில் நடப்பவர் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, காத்திருப்பவர் இருக்கிறார், போகும் காரணம் இருக்கிறது. படத்தில் அவை தெரிகின்றனவா? கையில் சுமை, காலில் செருப்பு, திரும்பிப் பார்க்கும் தலை ஏதாவது உண்டா? ஒன்றுமே இல்லையென்றால் பிரிவு என்பது நாம் கொடுத்தது. கொடுப்பதில் தவறில்லை. "படம் சொல்கிறது" என்று எழுதுவதற்குப் பதில் "இதைப் பாலையாக வாசித்தால்" என்று எழுதுங்கள், போதும்.

படத்தில் இருப்பவர் உண்மையிலேயே தனியாகத்தான் இருந்தாரா?

தானியங்கிக் கேமராவோ முக்காலியில் டைமரோ அல்லாவிட்டால், ஒற்றை ஆள் படத்தில் எப்போதும் குறைந்தது இரண்டு பேர். எடுத்தவர் ஒருவர் அங்கே நின்றாக வேண்டும். இந்த ஒரு கணக்கே "யாருமற்ற வெளி" என்ற பேச்சைப் பாதி கரைத்துவிடும்.

சட்டகத்துக்கு வெளியே என்ன இருந்தது என்பது அடுத்தது. ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளியுள்ள சாம் மணல்மேடுகளில் எடுத்த படங்கள் ஏராளம். அங்கே சாலையோரம் கூடாரவிடுதிகள் வரிசையாக நிற்கின்றன, மாலையானால் ஒட்டகச் சவாரிக்குக் கூட்டம். கேமராவைச் சில பாகை திருப்பினால் கூட்டம் உள்ளே வந்துவிடும். தாரே உலகப் பாலைவனங்களில் மக்கள் நெருக்கம் மிகுந்த ஒன்று.

கார்சனும் அப்படித்தான். ஓசல்லிவன் போனது பெரிய குழுவோடு, குதிரைப்படைக் காவலோடு. 1849 தங்கவேட்டைக் காலத்தில் கலிபோர்னியாவுக்குப் போன குடியேறிகளின் வண்டிப்பாதை அந்த வட்டாரத்தைக் கடந்து சென்றது. 1860, 61இல் குதிரை அஞ்சல் அதன் வழியே ஓடியது. அதற்கெல்லாம் முன்பிருந்தே வடக்குப் பையூட் மக்கள் அங்கே வாழ்ந்துவந்தார்கள். கார்சன் ஆறு வந்து முடியும் சதுப்புகளில் கோரையும் மீனும் நீர்ப்பறவையும் அவர்களுக்கு வாழ்வு. பக்கத்து ஹம்போல்ட் ஆற்று முடிவில், அதே 1867 கோடையில் கிங் குழுவில் பலர் மலேரியாவில் விழுந்தார்கள். கொசு பிழைக்கும் அளவுக்கு நீர் இருந்த வட்டாரம் அது! ஒளிப்படத்தில் தெரிவது அதன் மணல்மேட்டுத் துண்டு மட்டும்.

இதனால் அந்தப் படம் பொய் ஆகிவிடாது. எதை வெட்டிவிட்டு வெறுமையை உண்டாக்கினார் என்று பார்க்கத் தெரிந்தவுடன் அது இன்னும் நல்ல படமாகிறது.

ஏற்பாடு செய்து எடுத்த படம் என்றால் மதிப்பு குறையுமா?

எதற்காகக் காட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தது. 1936இல் ஆர்தர் ராத்ஸ்டைன் தெற்கு டகோட்டாவின் வறண்ட நிலத்தில் ஒரு மாட்டு மண்டையோட்டைப் படமெடுத்தார். வெடித்த தரையிலும் அருகே இருந்த புல்தரையிலும் அதை வைத்து எடுத்திருந்தார். அரசாங்கத்துக்காக எடுத்த வறட்சிப் படம் என்பதால், மண்டையோடு சில அடி நகர்த்தப்பட்டது தெரிந்ததும் பத்திரிகைகள் கொதித்தன. விளம்பரத்துக்கு எடுத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நகர்த்தாமலும் மாற்றலாம். 1970களின் இறுதியில் ஒளிப்படக்காரர் மார்க் கிளெட்டும் தோழர்களும் ஓசல்லிவன் போன்றோர் நின்ற அதே இடங்களைத் தேடிப்பிடித்து மறுபடி படமெடுத்தார்கள். யூட்டாவில் அவர் 1869இல் எடுத்த ஒரு பாறைப் படத்தில் கேமராவையே சாய்த்திருந்தார் என்பது அப்போதுதான் தெரியவந்தது. சரிந்த தரையில் நிற்கும் பாறைகள் என்று பார்த்தவர்கள் நம்பியிருந்தது அந்தச் சாய்வை. பாலைவனத்தில் கட்டடமோ மரமோ இல்லாததால் இதைக் கண்டுபிடிப்பது கடினம். ஆள் நிற்கும் விதம் உதவும். சரிவில் நின்றாலும் மனித உடல் செங்குத்தாகவே நிற்கும். ஆளும் சேர்ந்து சாய்ந்திருந்தால் கேமராதான் சாய்ந்திருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய பாலைவனப் படத்தை அடையாளம் காண முடியுமா?

உறுதியாகச் சொல்லும் வழி இல்லை, ஆனால் பிசகும் இடங்கள் உண்டு. ஆளின் நிழல் திசையும் மணல்மேட்டு நிழல் திசையும் ஒத்துப்போகிறதா? பாதம் மணலில் புதைந்து, அதையொட்டி நிழல் தொடங்குகிறதா, அல்லது பாதம் மணல்மேல் மிதக்கிறதா? காலடித் தடங்கள் இடது வலது என்று மாறி மாறி வருகின்றனவா, அல்லது ஒரே கோட்டில் குழிகளாக இருக்கின்றனவா? தடம் ஆளின் காலில் வந்து சேர்கிறதா? அலைவரிகள் மேட்டின் வடிவத்தோடு வளைகின்றனவா? இத்தனையிலும் தேறினாலும் கேமராத் தகவலும் மூலக்கோப்பும் கேளுங்கள்.

படக்குறிப்பை எப்போது படிப்பது?

முதல் தாளை எழுதி முடித்தபிறகு. "அகதி", "துறவி", "சுற்றுலாப் பயணி" என்ற மூன்று குறிப்புகளை ஒரே படத்துக்குக் கீழே மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். அதே தோள், அதே நடை, மூன்று விதமாகத் தெரியும்.

குறிப்பு வைக்கப்படும் இடமும் அர்த்தத்தை மாற்றும். கார்சன் படம் முதலில் அரசாங்க ஆய்வுக் கோப்பின் ஒரு பக்கம். 1930களின் இறுதியில் ஒளிப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் ஓசல்லிவன் படங்களை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் பொமன்ட் நியூஹாலிடம் காட்டியபின், அவை கலைச்சுவருக்கு ஏறின. ஆய்வுக்காக எடுத்ததைக் கலைச்சுவரின் கண்ணோடு பார்ப்பது சரியா என்று கலை விமர்சகர் ரோசலிண்ட் கிராஸ் 1982இல் எழுப்பிய கேள்வி இன்றும் ஓயவில்லை. இரண்டு கண்ணும் வேண்டும் என்பது எங்கள் கருத்து, ஆய்வுக் கண் முதலில்.

தேர்வுக்கோ கண்காட்சிக் குறிப்புக்கோ 300 சொல்லில் எழுத வேண்டும். எப்படிப் பங்கிடுவது?

ஏறத்தாழ 120 சொல் வருணனைக்கு: என்ன தெரிகிறது, எங்கே, எந்த ஒளியில். 80 சொல் எடுத்த விதத்துக்கு: தூரம், உயரம், நேரம், வெட்டு. மீதி நூறு பொருளுக்கு. பொருள் பகுதியில் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முதல் இரண்டு பகுதிகளில் ஓர் ஆதாரம் இருக்க வேண்டும். "அவர் திரும்பி வரமாட்டார்" என்று எழுதினால், தடம், நிழல், சுமை எதிலிருந்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாத வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். இடம் மிஞ்சினால் வருணனைக்குத் திருப்பிக் கொடுங்கள்.